புதியதென விற்கப்படும் பழைய வன்தட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகளின் மடிக்கணினிக்கென்று கொழும்புக் கடையொன்றில் புத்தம் புதியதாக விற்கப்பட்ட வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்), கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் பரிசோதித்தபோது, அது ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணித்தியாலங்கள் இயங்கியிருந்தமை தெரியவந்தது. பிள்ளைகளின் படிப்பு முழுவதும் தங்கியிருக்கும் பொருளில் இப்படிச் செய்வது பெரும் அநியாயம்.

இயங்கிய நேரத்தையும், பழுதடைந்ததால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட சேமிப்புப் பகுதிகளின் எண்ணிக்கையையும் பணம் செலுத்துமுன் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். அந்தப் பதிவுகளை அழிக்கவும் வழியுண்டு என்பதால், தொடரிலக்கத்தைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இட்டு உத்தரவாதக் காலத்தையும் சரிபார்ப்பது அவசியம். தட்டின் தடிப்பையும் பாருங்கள்: மடிக்கணினியின் 7 மில்லிமீற்றர் இடத்தில் 9.5 மில்லிமீற்றர் தட்டு பொருந்தாது. வன்தட்டுக்குப் பதிலாகப் பயன்படும், அசையும் பாகமற்ற எஸ்எஸ்டி என்னும் சேமிப்புச் சாதனம் அதிர்வைத் தாங்கும். ஆயினும் அதற்கும் காப்புப்பிரதி வேண்டும்.

மீள்புதுப்பித்த வன்தட்டுகளைப் பற்றுச்சீட்டில் அவ்வாறே குறிப்பிடுமாறு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வற்புறுத்த வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை