ஹாலைட்டுக்குக் காசு கட்டாதே, மச்சான்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

நாலு மாதமாய் ஒரு வரியும் எழுதாதது பிழைதான். ஏசுவதை நேரில் ஏசு. இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பின படத்தைப் பார்த்ததும் பேனையை எடுத்துவிட்டேன்: முருகை வளர்க்கும் உன் கடல்நீர்த் தொட்டிக்கு நீ வாங்கப் பார்க்கும் அந்தப் பழைய 250 வாட் மெட்டல் ஹாலைட் விளக்குக்கு முற்பணம் கட்டாதே. கட்டியிருந்தால் திருப்பிக் கேள்.

விளக்கு நல்ல விளக்குத்தான். ஆனால் உப்புவெளி வீட்டுக்கு அது ஒத்துவராது. உன் தொட்டி 90 × 45 × 45 சென்ரிமீற்றர், கிட்டத்தட்ட 180 லீற்றர். நாளுக்கு எட்டு மணித்தியாலம் எரித்தால் 2 யூனிட் கரண்ட். அதில் பாதி தண்ணீருக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்றால் தண்ணீர் ஏறத்தாழ 5 பாகை சூடாகும். முருகைக்கு 25, 26 பாகை இதம். 30ஐத் தாண்டினால் உள்ளே குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கத் தொடங்கும். 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவை முருகைகள் வெளுத்தது உனக்குத் தெரியும்தானே. ஆடி மாதத்தில் உன் முன் அறையே 33, 34 பாகையில் கிடக்கும். அதற்கு மேல் ஒரு அடுப்பையும் தொங்கவிடப் போகிறாயா?

எல்ஈடி எடு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு சின்னது. ஒரு விளக்கு வடிவாய் மூடுவது 60 சென்ரிமீற்றர் அளவுதான். மூன்றடித் தொட்டிக்கு ஒன்றை நடுவில் தொங்கவிட்டால் நடு எரியும், இரண்டு ஓரமும் இருண்டுபோகும். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்பி வாங்காதே, பல மலிவு விளக்குகள் அவ்வளவு இழுப்பதே இல்லை. நீ பார்க்க வேண்டியது பார் அளவு: 400 முதல் 700 நானோமீற்றர் வரையான ஒளி ஓரிடத்தில் எவ்வளவு விழுகிறது என்பது. காளான் முருகைக்கும் ஸோவாந்தஸ் முருகைக்கும் 50 முதல் 120 போதும். ஹேமர், டொர்ச் முருகை வகைக்கு 80 முதல் 150. கிளை விடும் அக்ரொப்போரா முருகை கேட்பது 200 முதல் 350. முதல் வருடம் அக்ரொப்போராவின் பக்கமே போகாதே. தண்ணீரின் காரத்தன்மை (அல்கலினிட்டி) கொஞ்சம் ஆடினாலும் தாங்காது. அதனால் மணலில் 80, கல்லின் உச்சியில் 150 வந்தால் உனக்குத் தாராளம்.

போனில் லக்ஸ் பார்த்து முடிவெடுக்காதே. லக்ஸ் கணக்கு எங்கள் கண்ணுக்குப் பிடித்த பச்சைக்கு முதலிடம் கொடுப்பது, நீல விளக்கைக் குறைத்துத்தான் காட்டும். இருட்டாயிருக்கிறதென்று நீ கூட்டுவாய், முருகை கருகும். ஒரு பார் மீற்றரை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கு. ஒளி கண்ணாடியோரம் ஒரு மாதிரி, நடுவில் வேறு மாதிரி விழும். ஒன்பது இடத்திலாவது வைத்துப் பார்.

தண்ணீரிலிருந்து 25 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிட்டு, வெளிச்சத்தை 40 வீதத்தில் தொடங்கு. வாரத்துக்கு 5 வீதம் கூட்டு. நீலம் பத்து மணித்தியாலம், வெள்ளை நடுவில் ஆறு. புதுத் துண்டுகளை முதல் இரண்டு வாரம் மணலிலேயே வை. முருகை கழுத்தை நீட்டினால் ஒளி போதாது. நிறம் வெளிறிச் சுருங்கினால் ஒளி கூடிப்போச்சு, அன்றைக்கே குறை. சின்னண்ணையின் பச்சைத் தொட்டி ஞாபகமிருக்கா? பொறுமையில்லாமல் ஒரேயடியாய்க் கூட்டியதால் வந்த வினை அது.

சூட்டுக்கு ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீரின் மேல் சரித்து வை. கச்சான் காற்று காய்ந்தது, ஆவியாக்கி இரண்டு மூன்று பாகை இறக்கிவிடும். வாடையில் காற்றிலேயே ஈரம் நிற்கும், விசிறி அவ்வளவு உதவாது. ஆனால் அப்போது தேவையும் குறைவு. ஆவியான அளவுக்கு ஆர்ஓ வடிகட்டியில் எடுத்த நல்ல தண்ணீர் விடு, உப்புத் தண்ணீர் விடாதே. உப்பு ஆவியாவதில்லை, தொட்டியில்தான் ஏறும்.

உன் வீட்டுக்குக் கடல் எட்டும் தூரம். விளக்கின் கண்ணாடியில் வெள்ளைப் பொருக்காய் உப்புப் படியும், விரலால் சுரண்டினால் நறநறவென்று உதிரும். அந்தப் பொருக்கே ஒளியைத் தின்றுவிடும். வாரத்துக்கு ஒருதரம் கரண்டை நிறுத்தி, ஈரத்துணியால் துடை. வயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளையமாய்த் தொங்கவிட்டுத்தான் ஏற்று, வழியும் துளி அங்கேயே சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் ஒன்றும் பூட்டாதே. கரண்ட் போனால் விளக்கைப் பற்றி யோசிக்காதே, முருகை இரண்டு நாள் இருட்டில் இருக்கும். ஒட்சிசன் இல்லாமல் மீன் சில மணித்தியாலம்கூட நிற்காது. பற்றரி வாங்கும் காசு காற்றுப் பம்புக்கு.

இன்னொன்று, இதைக் கோபமாய்த்தான் சொல்கிறேன். புறாமலையிலிருந்து யாராவது ஒரு துண்டு கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாசலோடு அனுப்பு. 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, முருகை பிடுங்குவது குற்றம். நாங்கள் நிலாவெளியில் முகமூடி போட்டு எட்டிப் பார்த்த இடம்டா அது. தொட்டியில் வளர்த்துப் பிரித்த துண்டா என்று கேட்டே வாங்கு.

அறையின் கூரை கொங்கிறீட்டா, பலகையா என்று எழுது. தொங்கவிடும் ஆணி அதைப் பொறுத்தது. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்