தேடுவதும் ஆராய்ச்சிதானுங்க: கொங்கு மண்டல மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் என நம் பக்கத்து மருத்துவ, செவிலியர், மருந்தியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், அங்கே ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கமுங்க. ஈரோட்டுப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் 17 வருசமாக நூலகராக இருக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு "ஒரு சிஸ்டமேட்டிக் ரிவியூ பண்ணிடும்மா" என்று, அதாவது ஒரு கேள்விக்கு இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடிச் சேர்த்து எடைபோடச் சொல்லும்போது, அந்தப் பிள்ளை கட்டுரைகளைத் தேடுவதற்கு நாள் கொடுங்கள். தேடுவதை டைப்பிங் வேலை மாதிரி நினைக்காமல், ஆராய்ச்சியின் முதல் பாதி என்று மதியுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தையே சொல்லிவிடுகிறேன்.

2018ஆம் வருசம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நூலகத்தைப் பூட்டப் போகிற நேரம். மேற்படிப்பு மாணவி ஒருவர் லேப்டாப்போடு வந்து நின்றார். பூச்சி மருந்து விஷத்துக்குக் கொடுக்கிற பிராலிடாக்சிம், அதாவது நம் அவசரப் பிரிவுகளில் எல்லோரும் 'பாம் ஊசி' என்று சொல்கிறார்களே அது, உயிரைக் காக்கிறதா இல்லையா என்று ரிவியூ எழுத வேண்டும், சனிக்கிழமைக்குள் கட்டுரைகளை எடுத்துத் தரச் சொல்லிவிட்டார்கள் என்றார். நல்ல கேள்விதான். சுற்றிலும் மஞ்சள் காடும் பருத்திக் காடுமாக இருக்கிற ஊர்களில், தோட்டத்துக்கு அடிக்க வாங்கி வைத்த மருந்து உடம்புக்குள் போய்விட்டது என்று ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடிவருகிற குடும்பங்களைப் பார்க்காத டாக்டர் யாரும் இருக்க முடியாது. அந்த ஊசி வேலை செய்கிறதா என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

திரையைத் திருப்பிக் காட்டினார். பப்மெட் என்கிற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் மருந்தின் பெயரை அடித்து, இடது பக்கம் இருக்கிற 'கடந்த 10 ஆண்டுகள்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டிருந்தார். வழக்கமாக எல்லோரும் செய்வதுதான், புதுசாக இருந்தால்தானே நல்லது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு டிக் என்ன செய்தது என்று பாருங்கள். இலங்கையில் இந்த ஊசியை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து 2009இல் வெளியான பரிசோதனை உள்ளே இருந்தது. அதில் ஊசி போட்ட 121 பேரில் 30 பேரும், பிளாசிபோ, அதாவது மருந்தில்லாத போலி ஊசி, கொடுத்த 114 பேரில் 18 பேரும் இறந்திருக்கிறார்கள். வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்றுதான் கணக்கு சொல்கிறது, ஆனாலும் படிக்கிறவருக்கு மருந்தின் மேல் பயம் வந்துவிடும். மகாராஷ்டிராவின் பாராமதியில் 200 பேரை வைத்து நடத்தி 2006இல் லான்செட் இதழில் வந்த பரிசோதனை, உயர்ந்த அளவில் தொடர் சொட்டாகக் கொடுத்தால் இறப்பு குறைகிறது என்று காட்டியது, அது வெளியே போய்விட்டது. வேலூரில் நடந்து 1996இலும் 1997இலும் இந்திய மருத்துவர்கள் சங்க இதழில் வந்த இரண்டு பரிசோதனைகளும் வெளியே. ஒரே ஒரு டிக்குதானுங்க. நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு மிகவும் நெருக்கமான மூன்று பரிசோதனைகளும் பட்டியலிலேயே இல்லை, மிச்சம் இருப்பதை வைத்து அந்தப் பிள்ளை ஒரு முடிவு எழுதியிருந்தால் அது தப்பாகத்தான் இருந்திருக்கும், யாருக்கும் தெரிந்தும் இருக்காது.

இதே கேள்விக்கு, மருத்துவச் சான்றுகளைத் திரட்டி ரிவியூ எழுதும் உலக அமைப்பான காக்ரேனின் குழு 2011இல் வெளியிட்ட ரிவியூவைப் படித்துப் பாருங்கள். உலகம் முழுக்கத் தேடிக் கிடைத்தது ஏழே ஏழு பரிசோதனைகள். மருந்தையும் பிளாசிபோவையும் ஒப்பிட்டவை மூன்று, மொத்தம் 366 நோயாளிகள். அளவுகளை ஒப்பிட்டவை நான்கு, 479 பேர். ஊசி நன்மையா தீமையா என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதுதான் அவர்கள் வந்த முடிவு. மொத்தமே ஏழு இருக்கிற இடத்தில் மூன்றைத் தொலைத்தால் மிஞ்சுவது என்ன?

சரி, டிக்கை எடுத்துவிட்டால் போதுமா என்றால் அதுவும் இல்லை. சொல் பிரச்சினை இருக்கிறது. இந்தப் பூச்சி மருந்து வகைக்கு நம் பிள்ளைகள் வகுப்பில் சொல்லிப் பழகிய பெயர் 'ஆர்கனோபாஸ்பேட்'. நான் மேலே சொன்ன நான்கு கட்டுரைகளின் தலைப்பிலும் இருப்பது 'ஆர்கனோபாஸ்பரஸ்'. தலைப்பில் மட்டும் தேடு என்று போட்டு முதல் சொல்லை அடித்தால் நான்குமே கைவிட்டுப் போகும். 1997 வேலூர்க் கட்டுரையின் தலைப்பில் மருந்து 'பி2ஏஎம்' என்றுதான் இருக்கும், மருந்தின் முழுப் பெயர் அடைப்புக்குள்தான் வரும். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்ததைச் சொல்லும் 'ரேண்டமைஸ்டு' என்ற சொல்லை எஸ் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, இசட் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. 1996 கட்டுரையின் தலைப்பிலோ அந்தச் சொல்லே கிடையாது, இரண்டு முறைகளை மதிப்பிட்டோம் என்று மட்டும்தான் இருக்கும். அதனால்தான் 'ஆர்கனோபாஸ்ப்' வரைக்கும் அடித்து முடிவு எதுவானாலும் வரட்டும் என்று ஒரு நட்சத்திரக் குறி போடுகிறோம், மருந்துக்கு இருக்கிற எல்லாப் பெயர்களையும் 'ஆர்' (அல்லது) போட்டுக் கோர்க்கிறோம், அப்புறம் மெஷ் என்கிற பாடத்தலைப்புச் சொற்களைத் தனியாகத் தேடிச் சேர்க்கிறோம், கடைசியில்தான் பரிசோதனைகளை மட்டும் பிரித்தெடுக்கிற வடிகட்டியை மேலே போடுகிறோம். அந்த வடிகட்டியும் நாமாக இட்டுக்கட்டியது இல்லை, காக்ரேன் கையேட்டில் சோதித்துப் பார்த்து எழுதி வைத்திருப்பதை அப்படியே எடுத்துப் போடலாம். அன்றைக்கு இந்த வரிகளை ஒரு ஏ4 தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன், ஒரு பக்கம் முழுக்க வந்தது. "இவ்வளவுமா சார்?" என்று கேட்டார். இவ்வளவும்தான்.

இதில் நம் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1994இல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஓர் ஆய்வு, விவரம் தெரிந்தவர்கள் பப்மெட்டின் அடிப்படையான மெட்லைன் தரவுத்தளத்தில் தேடினால்கூட இருக்கிற பரிசோதனைகளில் சராசரியாகப் பாதிதான் அகப்படுகிறது என்று காட்டியது. சில இதழ்கள் அந்தத் தரவுத்தளத்திலேயே இல்லை, இருப்பவற்றிலும் பரிசோதனை என்ற அடையாளம் சரியாகக் குத்தப்படவில்லை. அதற்கு முந்தைய வருசம்தான் காக்ரேன் அமைப்பு தொடங்கியிருந்தது. உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்த காக்ரேன் மையத்தினர் நம் நாட்டு இதழ்களைப் புரட்டினார்கள். அப்படிச் சேர்த்ததெல்லாம் 'சென்ட்ரல்' என்ற பதிவேட்டில் இருக்கிறது. இதை நான் முதல்வர்களுக்குக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். எம்பேஸ் என்கிற கட்டணத் தரவுத்தளத்தை வாங்கப் பணம் இல்லை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், உண்மைதான், அதன் விலைக்கு நம் கல்லூரிகளில் பாதிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் எம்பேஸில் இருக்கிற பரிசோதனைகளின் பதிவுகளைச் சென்ட்ரலில் சேர்த்துக்கொண்டேதான் வருகிறார்கள், சென்ட்ரலில் தேட ஒரு பைசா வேண்டாம். அப்படி இருந்தும் என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்திருப்பதில்லை.

அகலமாக வலை போட்டால் வேண்டாததும் நிறைய வரும். அதற்குப் பயந்துதான் பலர் சொல்லைச் சுருக்குகிறார்கள். கடலைக்காய் பறித்து முடித்த காட்டில், செடியோடு வராமல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்ட காய்களைப் பொறுக்க எங்கள் அப்பத்தா கூடையோடு போவார், நானும் கூடப் போவேன். மண்ணைக் கிளறிக்கொண்டே போக வேண்டும், பாதி நேரம் கையில் வருவது வெறும் கட்டிதான், ஆனால் ஒரு சால்கூட விடமாட்டார். ரிவியூவுக்குத் தேடுவதும் அப்படித்தான். ஆயிரக்கணக்கில் வருகிற தலைப்புகளை இரண்டு பேர், ஒருவர் முடிவை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகப் படித்து, வேண்டும் வேண்டாம் என்று குறித்து, அப்புறம் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். இதற்கு ரய்யான் மாதிரி செயலிகள் இருக்கின்றன. ஆனால் நாள் வேண்டுமே! வியாழனுக்கும் சனிக்கும் நடுவில் அது முடியாது.

இன்னொன்று. நம் கல்லூரிகளுக்குள்ளேயே நடக்கிற பரிசோதனைகள் எங்கே போகின்றன? என் நூலகத்தில் இரண்டு பீரோ நிறைய ஆய்வேடுகள் இருக்கின்றன, ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. அதில் எத்தனையோ, நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒழுங்காக நடத்திய பரிசோதனைகள். மருந்து வேலை செய்தது என்று வந்தால் கட்டுரையாகிறது, செய்யவில்லை என்று வந்தால் பீரோவிலேயே தூங்குகிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆய்வேடுகளை இணையக் களஞ்சியத்தில் ஏற்றுகிறது, நல்ல காரியம், ஆனால் அவை பப்மெட்டில் வராது, தனியாகப் போய்த்தான் தேட வேண்டும். 2007 ஜூலையில் தொடங்கிய நம் நாட்டுப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. இருக்கிறது, பதியக் கட்டணம் இல்லை, 2018 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே பதிந்தால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். அதில் பதிந்தது உலக சுகாதார நிறுவனத்தின் தேடுதளத்திலும் வந்துவிடும். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்து நோயாளி ஊசிக்குக் கையை நீட்டிக் கொடுத்த விவரம் யாரும் தேடினால் கிடைக்க வேண்டாமா?

உங்கள் நெருக்கடியும் எனக்குத் தெரியும். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதிகளில் ஆசிரியர் தகுதிக்குச் சிஸ்டமேட்டிக் ரிவியூவும் கணக்கில் சேரும் என்று வந்தது, பதவி உயர்வு அதில் நிற்கிறது, நோயாளியைச் சேர்க்காமல் எழுதிவிடலாம் என்று எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். திரும்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எப்படித் தேடினோம் என்பதை வரிக்கு வரி எழுதி இணைக்கச் சொல்லும் பிரிஸ்மா-எஸ் என்ற 16 அம்சப் பட்டியல் 2021இல் வந்துவிட்டது, விவரமான இதழாசிரியர் முதலில் அதைத்தான் புரட்டுவார். இப்போது புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: சாட்ஜிபிடியிடம் கேட்டுப் பட்டியல் வாங்கி வருகிறார்கள். போன மாதம் ஒருவர் கொண்டுவந்த பட்டியலில் சில கட்டுரைகளை எங்கே தேடியும் காணவில்லை. இதழ் பெயர் உண்மை, வருசம் பொருத்தமாக இருக்கிறது, கட்டுரை மட்டும் உலகத்திலேயே இல்லை. இரண்டு நாள் கெடு கொடுத்தால் பிள்ளைகள் வேறு என்னதான் செய்வார்கள்?

அதனால் நான் கேட்பது இதுதானுங்க. தலைப்பு முடிவாகிற கூட்டத்துக்கே நூலகரையும் கூப்பிடுங்கள், கடைசியில் கூப்பிட்டு "பி.டி.எஃப். எடுத்துக் கொடு" என்று சொல்லாதீர்கள். தேடுவதற்கு மட்டும் குறைந்தது மூன்று வாரம் ஒதுக்குங்கள். எந்த நாளில், எந்தத் தளத்தில், என்ன வரியைப் போட்டு, எத்தனை வந்தது என்பதை அன்றன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். தேடலைக் கட்டியவர் நூலகர் என்றால் அவர் பெயரையும் ஆசிரியர் வரிசையில் போடுங்கள். இது சலுகை கேட்பது இல்லை, நூலகர் இணை ஆசிரியராக இருந்த ரிவியூக்களில் தேடல் மேலான தரத்தில் இருந்தது என்று 2015இல் வந்த ஆய்வே சொல்கிறது.

அந்த மாணவி சனிக்கிழமை ஒன்றும் கொடுக்கவில்லை. வழிகாட்டியிடம் போய் நேரம் கேட்டார், திட்டும் வாங்கினார், கிடைத்த நாட்களில் ஒழுங்காகத் தேடி முடித்தார். இப்போது அவரே ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். தன் மாணவர்களை என்னிடம் அனுப்பும்போது, அந்த ஏ4 தாளின் ஜெராக்ஸ் ஒன்றையும் கொடுத்துத்தான் அனுப்புகிறார்.

எந்தக் கல்லூரிப் பிள்ளையாக இருந்தாலும் அனுப்புங்கள். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் 2 மணிக்கு மேல் நூலகத்தில்தான் இருப்பேன். வரும்போது கேள்வியை ஒரு தாளில் முழு வாக்கியமாக எழுதி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்: யாருக்கு, எந்த மருந்து, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன் என்று.

இப்படிக்கு,
ஒரு மருத்துவக் கல்லூரி நூலகர்,
ஈரோடு மாவட்டம்