எனக்காக என் வீட்டில் பேசியவருக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்றோடு எனக்கு மார்பகப் புற்றுநோய்க்கான ரேடியேஷன் முடிந்தது. இனி மாத்திரையும் அவ்வப்போது பரிசோதனையும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்ன நடந்தது, எப்படித் தெரிந்தது என்பதெல்லாம் இதைப் படிக்கிற பலருக்கும் தெரியும். பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதனால் அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. மனசு இப்படி நிறைந்து கிடக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒருவரைப் பற்றி. அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. மதுரையில் நான் சிகிச்சை எடுத்த மருத்துவமனையில், மார்பகப் புற்றுநோய் என்று புதிதாகத் தெரிய வரும் பெண்களுக்குக் கூடவே நின்று வழி சொல்வதற்கென்று ஒரு பெண் இருக்கிறார். பேஷன்ட் நேவிகேட்டர் என்று அவருடைய அடையாள அட்டையில் போட்டிருக்கும். எங்களுக்கு அவர் வழிகாட்டி மேடம். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்பார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

அவருடைய அன்றாட வேலையே பெரிது. எனக்கு பயாப்சி எடுத்தது ஓரிடம், சிகிச்சை எடுத்தது வேறிடம். பயாப்சியில் எடுத்த சதையை மெழுகுக்குள் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்பார்கள். மறுபடி ஏதாவது டெஸ்ட் செய்ய வேண்டுமென்றால் அந்த பிளாக் வேண்டும். அதைக் கேட்டு வாங்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. என் ரிப்போர்ட்டில் ஹெர்-2 என்கிற இடத்தில் இரண்டு ப்ளஸ் என்று வந்தது, அது புற்றுநோய் செல்களில் பார்க்கிற ஒரு புரதம். அப்படி வந்தால் அந்தப் புரதம் அதிகமாக இருக்கிறதா இல்லையா என்று முடிவாகச் சொல்ல முடியாதாம், ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட் செய்துதான் ஆக வேண்டுமாம். எந்த மருந்து கொடுப்பது என்பதே அதைப் பொறுத்தது. பிளாக்கை வாங்க வைத்து, அனுப்ப வைத்து, முடிவு வருகிற வரைக்கும் விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தது அவர்தான். அந்த நாட்கள் வீணாகாமல் இதயத்தைப் பார்க்கிற எக்கோ ஸ்கேன் எடுக்க வைத்தார், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்களைக் கொடுக்க வைத்தார். கீமோவில் கட்டி முழுக்கக் கரைந்துவிட்டால் ஆபரேஷன் அன்று இடம் தெரியாமல் போகும், அதற்கு அடையாளமாக உள்ளே சின்னதாக ஒரு கிளிப் வைப்பார்கள். அதற்கும் தேதி வாங்கிக் கொடுத்தார்.

இதெல்லாம் அவர் வேலை, அதைச் சரியாகச் செய்தார். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அது அவர் வேலைப் பட்டியலில் இருக்காது என்று நினைக்கிறேன்.

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன அன்று அவரைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தேன், தலையும் ஆட்டினேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது வழிகாட்டி மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புரிந்ததா என்று கேட்கவில்லை. "வீட்டுக்குப் போனதும் யார் யார் கேப்பாங்க?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. டாக்டர் அறையில்கூட நான் அழவில்லை. வீட்டுக்காரர் கேட்பார், அத்தை கேட்பார், திருப்பூரிலிருந்து நாத்தனார் போன் போடுவார், என் தம்பி கேட்பான், பையன் கேட்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லும்போதே அவர்கள் அழுவார்கள், நான் தேற்ற வேண்டும். அப்புறம், எதனால் வந்தது என்று கேட்பார்கள். நோயைவிட அந்தச் சாயங்காலத்துக்குத்தான் நான் பயந்துபோயிருந்தேன். அதை அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்க போனைக் குடுங்கக்கா, நான் பேசி வைக்கிறேன். நீங்க போட்டுக் காட்டினா போதும்" என்றார். யாருக்குத் தெரியலாம், யாருக்கு இப்போது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். டாக்டரிடம் போய் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துவிட்டு வந்தார். பிறகு படிக்கட்டுக்குக் கீழே சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, என் வாட்ஸாப்பில் குரல் பதிவாகவே எல்லாவற்றையும் பேசினார். என் பெயரை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை. ஆரம்பமே இப்படித்தான்: "பெரியம்மா, உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்."

அத்தைக்கு அவர் பேசினார். என் வீட்டில் பேச்சு எங்கே ஆரம்பித்தால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று நான் சொன்ன இரண்டு வாக்கியத்தில் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பதிவு இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து சிலதை அப்படியே எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

"இது ஒட்டுற நோய் இல்ல. தட்டு தம்ளர் எதையும் தனியா வைக்க வேணாம். பேரப்பிள்ளைகள் மடியில வந்து உக்காரட்டும்."

"எதனால வந்துச்சுன்னு யாரும் தேட வேணாம். அடிபட்டதால வரல. செய்வினை, கண்ணு எதுவும் இல்ல. இவங்க ஒரு தப்பும் பண்ணல."

"ஊசி குத்தி டெஸ்ட் எடுத்ததால பரவிடும்னு சொல்லுவாங்க. அப்படி இல்ல. எடுத்தாத்தான் என்ன மருந்துன்னு தெரியும்."

"முதல்ல கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. முத்திப்போச்சு, அதான் ஆபரேஷன் பண்ணலன்னு நெனைக்காதீங்க. கட்டியச் சின்னதாக்கிட்டு எடுக்கிறதுக்குத்தான் இது."

"ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்டும். திரும்ப வளரும். கொட்டுற அன்னைக்கு யாராவது பக்கத்துல இருங்க."

"கீமோ நடக்கிற காலத்துல 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே அவசரம். மாத்திரையப் போட்டுட்டு விடியட்டும்னு இருக்காதீங்க. ராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

"முட்டை, மீன், பருப்பு எல்லாம் குடுங்க. பத்தியம்னு ஒண்ணும் கிடையாது. நாட்டு மருந்து குடுக்கணும்னா டாக்டரக் கேக்காம குடுக்காதீங்க."

அன்று சாயங்காலம் உசிலம்பட்டிக்கு வந்து சேர்ந்ததும், எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, போனை நடுவில் வைத்துப் போட்டேன். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம், பையன் போனை எடுத்து அவர் காதோரம் பிடித்துக்கொண்டான். போனில் அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நேரில் பேசுவதுபோல் அத்தை "சரித்தா, சரித்தா" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

நாத்தனார் போன் போட்டபோது வீட்டுக்காரரே எடுத்து, ஆடியோ அனுப்புகிறேன் கேள் என்று முடித்துவிட்டார். பக்கத்து வீட்டில் ஒருவர் வந்து எங்கள் சமையல், எங்கள் பாத்திரம் என்று ஏதேதோ சொல்லத் தொடங்கியபோது, அத்தையே குறுக்கிட்டு மதுரை ஆஸ்பத்திரிப் பிள்ளை என்ன சொன்னது தெரியுமா என்று விளக்கம் சொல்லி அனுப்பினார். ஒரு நாள் நடுராத்திரியில் எனக்குக் காய்ச்சல் அடித்தது. தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, நான் விடியட்டும் என்று சொல்வதற்குள் வண்டிக்கு ஆள் அனுப்பியது அத்தைதான். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன, காலை வரை பொறுத்திருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். என் உயிரைக் காப்பாற்றியவர்களின் வரிசையில் அந்தக் குரல் பதிவுக்கும் இடம் உண்டு. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது, குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கீமோ வார்டில் நரம்பு கிடைக்காதபோது ஒரு முறைகூட முகம் சுளிக்காத சிஸ்டர்கள், காப்பீட்டு கவுண்டர் தம்பி, ரேடியேஷன் அறையில் கையைத் தூக்கி வைக்க வலித்தபோது பொறுமையாகக் காத்திருந்த டெக்னீஷியன், என் டாக்டர்கள், ரத்தம் கொடுத்த பையனின் நண்பர்கள், ஆரப்பாளையத்தில் ஏற்றிக்கொண்டு பள்ளம் பார்த்து ஓட்டிய ஆட்டோ அண்ணன், மோரும் ஆரஞ்சும் பகிர்ந்துகொண்ட பக்கத்துப் படுக்கைப் பெண்கள், என் சத்துணவுக் கூடத்து வேலையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்ட சமையலரும் உதவியாளரும், தலைமையாசிரியையும். என் வீட்டுக்காரருக்கு நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வழிகாட்டி வேலை எங்கிருந்து வந்தது என்று பிறகு ஒரு நாள் மேடத்திடம் கேட்டேன். அமெரிக்காவில் ஹரோல்ட் ஃப்ரீமன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1990-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தொடங்கியதாம். அங்கே ஏழைக் கறுப்பினப் பெண்கள் நோய் முற்றிய பிறகே அவரிடம் வந்தார்கள். காசு, காகிதம், பயம், எங்கே போவது என்று தெரியாமை எல்லாம் அவர்களை வழியிலேயே நிறுத்தியிருந்தன. அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக விலக்க ஆள் வைத்தார். இப்போது மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் கேவட் என்ற பெயரில் இதற்கென்றே ஓராண்டுப் படிப்பு நடக்கிறது என்றும் சொன்னார்.

ஹார்லெம் பெண்களைப் பற்றிக் கேட்டபோது எனக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். இங்கே மருந்து இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். இருந்தும் பெண்கள் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் காணாமல் போகிறார்கள். டெஸ்ட் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்ததும் வீட்டுக்குப் போய் வராமலே இருந்துவிடுகிறார்கள். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமலே பலர் நின்றுவிட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். புற்றுநோய்க்குச் சிகிச்சை தருகிற ஒவ்வொரு மருத்துவமனையிலும், அரசு மருத்துவமனைகளில் முதலில், இப்படி ஒருவர் சம்பளத்தோடு இருக்க வேண்டும். நல்ல மனசுக்காரர் யாராவது அமைந்தால் உண்டு என்று விட்டுவிடக் கூடாது. அதிகாரத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இந்த வாரம் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய யாராவது படித்தால்: உங்கள் மருத்துவமனையில் வழிகாட்டியோ சமூகப் பணியாளரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். டாக்டர் பேசும்போது கூட ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கையும், அதிலிருந்து சீவிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் ஸ்லைடுகளையும் பற்றி விசாரித்து வையுங்கள். வெளியூரிலிருந்து ரயிலில் போவதாக இருந்தால் உங்களுக்கும் கூட வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, அதற்கான படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன், வீட்டிலும் சொல்லிவிட்டேன். பரிசோதனைக்கு மதுரை போகும் நாட்களில், என் வேலை முடிந்ததும் பஸ் ஏறிவிட மாட்டேன். மேடம் சரி என்று சொல்லியிருக்கிறார், புதிதாக வருகிற பெண்களோடு மாலை வரை அந்த பெஞ்சில் இருப்பேன். உசிலம்பட்டி சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன். மருத்துவம் சொல்ல மாட்டேன், அது டாக்டருடைய வேலை. பள்ளிக்கூட நாட்களில் சாப்பாடு போட்டு, கணக்கு எழுதி முடிக்க மூன்று மணி ஆகும், அதற்குப் பிறகு எந்த நாளும் வரலாம். சனி, ஞாயிறு காலையிலேயே கூப்பிடுங்கள். அத்தையும் கூட வருவதாகச் சொல்கிறார்.