அறநெறிப் பாடசாலை நிர்வாக சபை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் பெற்றோர் ஒரு கேள்வி எழுப்பியிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் சைவநெறி ஒரு பாடமாக இருக்கிறது, பிறகு ஞாயிறு காலையிலும் பிள்ளை ஏன் அதையே படிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. அதை மனதில் வைத்தே இவ்வாண்டு தரம் 1 முதல் 5 வரையான வகுப்புகளை நடத்தினோம். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதி சின்னப் பிள்ளைகளைப் பற்றியது.

நால்வர் குருபூசைகளும் அடுத்தடுத்த மாதங்களில் வருகின்றன. சித்திரைச் சதயம் அப்பருக்கு, வைகாசி மூலம் சம்பந்தருக்கு, ஆனி மகம் மணிவாசகருக்கு, ஆடிச் சுவாதி சுந்தரருக்கு. அதன்படி மாதம் ஒரு குரவர் என்று பிரித்து, அம்மாதம் முழுவதும் அவர் கதை, அவர் பாட்டு, அவர் தொண்டு என்றே வகுப்பு நடந்தது. அப்பரின் உழவாரத் தொண்டைப் படித்த கையோடு பிள்ளைகள் ஆலய வெளிவீதியைத் துப்புரவாக்கினார்கள். பெரியவர்கள் புல் செதுக்க, சின்னவர்கள் சருகு பொறுக்கினார்கள். உழவாரப்படை என்றால் என்ன என்று அவர்களுக்கு இனி எழுதிக் காட்டத் தேவையில்லை.

சம்பந்தர் கதை சொன்ன நாளில் நானும் வகுப்பில் இருந்தேன். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை அழுததும், அம்மை ஞானப்பால் ஊட்டியதும், தகப்பனார் சிவபாத இருதயர் கோல் எடுத்து அதட்டியதும் வரை கதை வந்தபோது, தரம் 2 மாணவி ஒருத்தி எழுந்து, "பால் குடிச்சதுக்கு ஏன் டீச்சர் பேசினவர்?" என்று கேட்டாள். ஆசிரியை, "ஆர் குடுத்த பாலெண்டு அவருக்குத் தெரியேல்லை, நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்" என்றார். வகுப்பு முழுவதும் கையை மேலே நீட்டிக் காட்டியது. அப்படியே 'தோடுடைய செவியன்' தொடங்கினார்கள். இப்படிக் கேட்டும் சொல்லியும் படிப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் பெருமான், சைவத்தை வினாவும் விடையுமாகவே நூலாக்கித் தந்தார். அவருடைய குருபூசையை, கார்த்திகை மகத்தில், தரம் 4, 5 மாணவரின் பேச்சுகளுடன் நடத்தினோம்.

முதல் மூன்று தரங்களுக்கும் கொப்பியில் பார்த்தெழுதும் வேலையை நிறுத்திவிட்டோம். ஆசிரியர் ஓர் அடி பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள், அவ்வளவுதான். சில பெற்றோருக்கு இதில் மனக்குறை உண்டு என்பதை அறிவேன். ஆனால் நவராத்திரிப் பூசையில் ஐந்து பிள்ளைகள் வரிசையாக நின்று தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்ற பஞ்சபுராணத்தை ஆளுக்கொன்றாகப் புத்தகம் பாராமல் ஓதியதை எல்லோரும் கேட்டீர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளையும் அதில் ஒருவர். மார்கழியில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமுமாக விடியற்புறம் ஒழுங்கைகளில் போனவர்களிலும் இவர்களே முன்னுக்கு நின்றார்கள்.

கவலை தருவது தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க ஞாயிறு காலை ரியூசனுக்குப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பரீட்சையின் பாரம் அப்படி. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு காலைப்பொழுதாவது புள்ளி போடாத வகுப்பு வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பரீட்சை முடியும்வரை தரம் 5 பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலைப் பூசையில் பஞ்சபுராணம் ஓத வந்தால் போதும் என்ற யோசனையை இன்று சபை முன் வைக்கிறேன்.

வேதனம் எதுவும் பெறாமல் கற்பிக்கும் ஆசிரியைகளுக்கு எமது மனமார்ந்த நன்றி. அவர்களில் பலர் நேற்று இங்கு படித்த பிள்ளைகள். கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரும் ஆண்டுக்கு ஒரு சுருதிப்பெட்டியும், மாதம் ஒருமுறையாவது வந்து பண்ணோடு பாடப் பழக்கும் பண்ணிசை ஆசிரியர் ஒருவரும் தேவை. இவ்விரண்டுக்கும் சபையின் அனுமதியைக் கோரி, அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

கௌரவ செயலாளர்