வெருகல் பக்கத்துப் பிள்ளைகளுக்காக

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். திருநீற்றுப் புதனோடு தவக்காலம் தொடங்குகிறது. வழமைபோல இந்த ஆண்டும் நமது பங்குக் கோவிலில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபையினர் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உதவி சேர்க்கிறார்கள். நமது பாடசாலையும் கைகொடுக்கிறது.

சென்ற மாதம் நானும் இரண்டு ஆசிரியர்களும் அவர்களோடு போய்வந்தோம். வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு அந்த வழி தெரியும். முன்பு பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் ஆற்றைக் கடக்கவேண்டும். இப்போது பாலங்கள் வந்து வாகனம் நேரே போகிறது. ஆனால் பெரிய ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் கிறவல், அதற்கும் அப்பால் மணல்தான்.

அங்கே நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். தாள் பழந்துணி மாதிரி இருந்தது. அது அக்காவின் பழைய கொப்பி. அக்கா பென்சிலால் எழுதியதை இறப்பரால் அழித்துவிட்டு இவள் எழுதுகிறாள். சில இடங்களில் அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டது. ஓட்டையைச் சுற்றிக் கணக்குப் போட்டிருந்தாள். அத்தனையும் சரி.

அக்கா எங்கே என்று கேட்டேன். வீட்டில் நிற்கிறாளாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டு வரைதான் வகுப்பு. ஆறாம் ஆண்டுக்குத் தூரத்துப் பாடசாலைக்குப் போகவேண்டும், அதுவும் காலையில் யானை நிற்கும் வழியால். தாய் வெளிநாட்டில். அம்மம்மாவால் கூட்டிப் போக ஏலாது. ஒரு சைக்கிள் இருந்தால் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து 7.30 மணிக்கு முன் போய்ச் சேர்ந்துவிடுவாள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றின் படிப்பு ஒரு சைக்கிள் இல்லாமல் நின்றுபோய்க் கிடப்பதை என்னால் இன்னும் மனதில் இருந்து எடுக்க முடியவில்லை.

கல்வி இலவசம்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், பாடநூலும் சீருடையும் அரசாங்கம் தருகிறது. ஆனால் கொப்பி, பை, போக்குவரத்து எல்லாம் வீட்டுச் செலவு. நாட்கூலியில் ஓடும் வீட்டில் முதலில் குறைவது அதுதான்.

வின்சென்ட் டி போல் சபையை 1833இல் பாரிஸில் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய பிரெடெரிக் ஓசானாம் அப்போது 20 வயது மாணவர். நமது உயர்தர வகுப்புப் பிள்ளைகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதைத்தான் அவர்கள் வேலையாக எடுத்தார்கள். இன்றும் அதே வழக்கம். சபையினர் வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்து, என்ன தேவை என்று கேட்டுத்தான் எழுதி வருகிறார்கள். ஆகவே தேவையானதையே அனுப்புவோம். சென்ற ஆண்டு வந்த பெட்டிகளில் சிப் அறுந்த பைகளும் ஒற்றைச் சப்பாத்துகளும் இருந்தன. உங்கள் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வராததை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம்.

சைவப் பெற்றோரும் இஸ்லாமியப் பெற்றோரும் சிலர் இதில் மதமாற்றம் உண்டா என்று என்னிடம் கேட்டீர்கள். கேட்டது நல்லது. பொருட்களோடு ஜெபப் புத்தகமோ துண்டுப்பிரசுரமோ போகாது. வாங்கும் பிள்ளைகளில் அநேகர் சைவப் பிள்ளைகள், அவர்கள் அப்படியே இருப்பார்கள். கொடுக்கிற கைக்கு நிபந்தனை இருக்கக்கூடாது என்பதே எங்கள் விசுவாசம். படமும் எடுக்கமாட்டோம். கொப்பி ஒன்றை வாங்குவதற்காக ஒரு பிள்ளை கமெராவுக்கு முன்னால் நிற்கவேண்டியதில்லை.

80 பக்க, 120 பக்கக் கொப்பிகள், பென்சில், இறப்பர், புதிய புத்தகப்பை ஆகியவை முக்கியம். கொப்பிக்கு உறை போட்டு அனுப்பினால் நல்லது. பெயர் எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள், அந்தப் பிள்ளையே எழுதட்டும். வீட்டில் சும்மா நிற்கும் சைக்கிள் இருந்தால் ரயர், பிறேக் பார்த்துத் திருத்தித் தாருங்கள். காசு தருவதானால் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாமல் அலுவலகத்தில் பற்றுச்சீட்டு எடுங்கள். இந்த ஆண்டு கொடுக்க வசதியில்லாதவர்கள் சங்கடப்படவேண்டாம். யார் தந்தது, யார் தரவில்லை என்று வகுப்பில் எவரும் கேட்கமாட்டார்கள்.

குருத்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை வரை பொருட்களை எடுப்போம். மறுநாள் காலை 6 மணிக்கு வான் புறப்படும். பெற்றோருக்கு நான்கு இருக்கைகள் வைத்திருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். மதியச் சோறு கட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அதிபர்
திருகோணமலை