காசு குடுத்து யூஎன் கதை வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர், அகதிகளுக்கு ஐ.நா. அகதிகள் அலுவலகம் குடுக்குற யூஎன் கார்டை வாங்குறவங்க எல்லாரும் பொய்க்கதை சொல்லித்தான் வாங்குறாங்கன்னு எழுதியிருந்தார். படிச்சதிலிருந்து மனசு ஆறல. பொய்க்கதை இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா அதை விக்கிறது யாருன்னு அவர் எழுதல.

நான் கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன். எங்க ஃப்ளாட் கீழ்வீட்டுல இலங்கை கிளிநொச்சித் தம்பி ஒருத்தன் மூணு பேரோட ரூம் எடுத்துத் தங்கியிருக்கான், சாப்பாட்டுக் கடையில ராத்திரி வேலை. அவன் அண்ணன் 2009 மே மாசம் ஆர்மிகிட்ட சரணடைஞ்சவர், அதுக்கப்புறம் ஆளே இல்ல. காணாமப் போனவங்களோட அம்மாமாருங்க 2017 பிப்ரவரியில கிளிநொச்சி கந்தசாமி கோயில்கிட்ட உக்காந்து போராட ஆரம்பிச்சாங்களே, அதுல இவன் அம்மாவும் மகன் போட்டோவை மடியில வச்சிக்கிட்டு உக்காந்தவங்க. தம்பி கூடவே போயி பேனர் கட்டுறது, தண்ணி தூக்குறதுன்னு இருந்திருக்கான். அப்புறம் சிஐடி வீட்டுக்கு வர ஆரம்பிச்சுது, ஒரு தடவை கொழும்புல அவங்க விசாரிக்கிற நாலாம் மாடிக்கே கூப்பிட்டாங்க. அங்க நடந்ததை என்கிட்ட அவன் முழுசா சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.

இங்க வந்து சேர்ந்தா நம்ம தமிழ் ஆளு ஒருத்தரே "யூஎன் கார்டுக்கு இது பத்தாது தம்பி, நீயே புலிகள் இயக்கத்துல சண்டை போட்டேன்னு சொல்லு, நான் எழுதித் தர்றேன், 1,800 வெள்ளி (ரிங்கிட்)"ன்னு கேட்டிருக்கார். இவன் "அண்ணை, அப்ப எனக்குப் பன்னிரண்டு வயசு"ன்னு சொல்லியும் விடல. அந்தப் பேப்பரை நான் பார்த்தேங்க, நாலு பக்கம், தேதியெல்லாம் சுத்தமா டைப் அடிச்சு, இவன் பெத்த தாயைப் பத்தி ஒரு வரி இல்ல.

1951 அகதிகள் ஒப்பந்தத்துல இனம், மதம், நாட்டுரிமை, சமூகக் குழு, அரசியல் கருத்துன்னு ஒருத்தரை அகதியா ஏத்துக்க அஞ்சு காரணம்தான் இருக்கு. துப்பாக்கி தூக்கியிருக்கணும்னு எங்கயும் இல்ல. சொல்லப்போனா போர்க்குற்றம் செஞ்சவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாதுன்னும் அதுலயே இருக்கு, அப்ப செய்யாத சண்டையை செஞ்சேன்னு சொல்ல வச்சு அந்தப் பையனை எங்க கொண்டுபோய் மாட்டி விடுறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. மேல்வீட்டுல மியன்மார் சின் இனத்துக் குடும்பம் ஒண்ணு, கிறிஸ்தவங்க, அங்க 2021-ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு தந்த்லாங்னு அவங்க டவுன்ல வீடு சர்ச்சுன்னு எல்லாம் எரிஞ்சு போச்சு. அவங்க ஆளுங்களையும் இந்த மாதிரி ஏஜண்டுங்க விடுறதில்லயாம்.

நம்ம மலேசியா அந்த அகதிகள் ஒப்பந்தத்துல கையெழுத்தே போடல. குடிநுழைவுச் சட்டத்துல அகதின்னு தனியா ஒண்ணும் இல்ல, பர்மிட் இல்லாம உள்ள வந்தா 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 6 பிரம்படி வரைக்கும் கூட குடுக்கலாம். யூஎன் கார்டு இருந்தாலும் முறையா வேலை செய்ய உரிமை இல்ல. ஆக இவங்களுக்கு இருக்குற ஒரே பிடிமானம் யூஎன் இன்டர்வியூ ரூம்ல உக்காந்து சொல்ற சொந்த வார்த்தைதான், அதையும் திருடிக்கிட்டு அதுக்குக் காசும் வாங்குறாங்கன்னா வயிறு எரியுதுங்க.

சிஐடி வீட்டுக்கு வந்த தேதி தம்பிக்கு ஞாபகம் இல்ல. "அக்கா, கோயில் கொடியேத்தத்துக்கு முதல்நாள்தான் வந்தவங்கள், அது மட்டும் நல்லா ஞாபகம்"னான். அப்படியே சொல்லுடா, தெரியாததைத் தெரியலன்னு சொல்லுன்னு சொல்லித்தான் இன்டர்வியூவுக்கு அனுப்பினேன். அந்த நாலு பக்கத்தையும் அவனே கிழிச்சுப் போட்டுட்டான். இன்னும் பதில் வரல.

ஆசிரியர் ஐயா, ஒரே ஒரு உதவி. யூஎன்ல பதியவோ இன்டர்வியூவுக்கோ ஒரு காசும் வாங்க மாட்டாங்க, மொழிபெயர்க்க ஆளை அவங்களே வைப்பாங்க, பொம்பளைங்க பொம்பளை அதிகாரிதான் வேணும்னு கேக்கலாம். இதை உங்க பேப்பர்ல பெரிய எழுத்துல, ஒரு நாள் இல்ல, அடிக்கடி போடுங்க. கடையில மேசை துடைக்கிற பையனும் நின்னு படிக்கிற மாதிரி முதல் பக்கத்துல போடுங்க.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி, கோலாலம்பூர்