அது மன அழுத்தப் புரதம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மருத்துவப் பக்கத்தில் வந்த ஆஸ்துமா கட்டுரையைப் படித்தேன். ஒவ்வாமையால் வீங்கிய நுரையீரலில், நோயெதிர்ப்புச் செல்களுக்குள் 'ஸ்ட்ரெஸ் புரோட்டீன்' கூடுகிறது என்பது வரை சரி. அதை 'மன அழுத்தப் புரதம்' என்று போட்டுவிட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அன்று சாயங்காலமே அக்கா போன் பண்ணி, "கவலைப்படாம இருந்தா வீசிங் போயிடுமாம், பேப்பர்லயே வந்திருக்கு, இனிமே இன்ஹேலர் எதுக்கு?" என்கிறாள்.

இங்கே அழுத்தம் செல்லுக்கு, மனசுக்கு இல்லை. ரிட்டோசா என்ற இத்தாலிய விஞ்ஞானி பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட, ஈயின் குரோமோசோமில் வழக்கமில்லாத இடங்கள் உப்பி நின்றன. 1962-இல் அதை வெளியிட்டார். சூடு பட்ட செல் அவசரமாகச் செய்துகொள்ளும் புரதங்கள்தான் அதற்குப் பின்னால் இருந்தன என்று தெரிய மேலும் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆனது. இந்த 'ஸ்ட்ரெஸ் புரோட்டீனு'க்கு 'வெப்ப அதிர்ச்சிப் புரதம்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஈக்கு என்ன மனக்கவலை?

சூடுதான் வேண்டும் என்றில்லை, அழற்சியே போதும். தூசிப்பூச்சியின் துகள் மூச்சோடு உள்ளே போய், ஒவ்வாமைக்காரர் நுரையீரலில் இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவிந்து, அவை கக்கும் வேதிப்பொருள்களில் சுற்றியுள்ள செல்களும் அடிபடும்போது, அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லுக்குள் மற்ற புரதங்கள் மடிப்புக் கலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். எச்எஸ்பி70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் அவற்றைப் பிடித்து நிறுத்தி, திரும்ப ஒழுங்காக மடிய உதவுகிறது. அதே புரதம், செல் செத்து உடைந்து வெளியே கொட்டினால் கதை மாறும், பக்கத்துச் செல்களுக்கு அபாயச் சங்கு மாதிரி ஆகி அழற்சியைக் கூட்டவும் செய்யலாம். ஆக, கட்டுரையில் அதை வெறும் வில்லனாகக் காட்டியதும் சரியில்லை.

அக்காவிடம் நான் சொன்னது வேறு. இன்ஹேலரில் இழுக்கும் ஸ்டீராய்டு, செல்லுக்குள் போய் ஒட்டுவதற்கு ஒரு ஏற்பி இருக்கிறது. மருந்தைப் பிடிக்கத் தோதான வடிவில் அந்த ஏற்பியை வைத்திருப்பதே எச்எஸ்பி90, இதுவும் ஒரு வெப்ப அதிர்ச்சிப் புரதம்தான்!

மனக்கவலை ஆஸ்துமாவைக் கூட்டும் என்பதும் உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது தனிக் கதை. இரண்டையும் ஒரு சொல்லில் போட்டுக் குழப்பாமல் 'செல் அழுத்தப் புரதம்' என்றாவது ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். வெட்டி அக்காவுக்கு அனுப்ப வேண்டும், நான் சொன்னால் நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்